நத்தாரா, பண்டிகைக் காலமா? வன்னியில் டிசம்பர் வாழ்த்து

டிசம்பர் பிறந்தால் வட இலங்கையின் வன்னிக்கு இரண்டு விதமான வாழ்த்து வருகிறது. கிறிஸ்மஸுக்கு எங்கள் பெயர் நத்தார். ஊருக்குள் சொல்லப்படுவது "நத்தார் வாழ்த்துக்கள்". கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் உறவுகள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற படங்களில் இருப்பது "ஹப்பி ஹொலிடேஸ்". வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும் அனுப்புகிற குறுஞ்செய்திகளிலும் "பண்டிகைக் கால வாழ்த்துக்கள்" என்ற பொது வாசகம் இடம்பிடித்துவிட்டது. இவற்றைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள், குறிப்பாக அலுவலகங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரு சந்தேகத்தோடு வருகிறார்கள். எல்லாச் சமயத்தவரும் இருக்கிற இடத்தில் நத்தார் என்று பெயர் சொல்லி வாழ்த்தினால் மற்றவர்களை ஒதுக்கியதாகுமா? பொதுவாகச் சொல்லிவிட்டால் கூட வேலை செய்கிற கிறிஸ்தவருக்கு மனம் நோகுமா?

நல்ல கேள்வி. மற்றவர் மனம் நோகக்கூடாது என்று யோசிக்கிற பிள்ளைக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும். ஆனால் இந்தக் கேள்வி வேறொரு நாட்டில், வேறொரு நெருக்கடியில் பிறந்தது. அதை அப்படியே ஏ-9 வீதியால் இறக்கிக்கொண்டு வந்தால் இங்கே விடை பிழைத்துப்போகும். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வன்னியில் நத்தாரை நத்தார் என்று பெயர் சொல்லி வாழ்த்துவதுதான் மரியாதை. யாருக்கு, எந்த நாளில், எந்த வீட்டு வாசலில் நின்று சொல்கிறோம் என்பதைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பார்வைதான் கடினமான பகுதி.

அமெரிக்காவில் என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அங்கே நத்தார் தொடக்கத்திலிருந்தே எல்லாருடைய கொண்டாட்டமாக இருந்ததில்லை. மாசச்சூசெற்ஸில் குடியேறிய பியூரித்தன் கிறிஸ்தவர்கள், டிசம்பர் 25ஐக் கொண்டாடும்படி வேதாகமத்தில் எங்கும் சொல்லப்படவில்லை என்று வாதாடி 1659இல் அதற்குத் தடைச்சட்டம் போட்டார்கள். கொண்டாடிப் பிடிபட்டால் ஐந்து சிலிங் தண்டம். 1681 வரை அந்தச் சட்டம் இருந்தது. 1870இல்தான் அது கூட்டாட்சி அரசின் விடுமுறை நாட்களில் ஒன்றானது. வாழ்த்து அட்டை அனுப்பும் பழக்கம் இங்கிலாந்தில் தொடங்கியது. 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் அச்சடிப்பித்த முதல் அட்டையில் நத்தார் வாழ்த்தும் புதுவருட வாழ்த்தும் ஒரே வரியில் இருந்தன. நாங்கள் இன்றைக்கும் இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம்.

பொது வாசகமும் நேற்று வந்ததில்லை. ஜனாதிபதி ஐசனோவர் 1953இல் வெளியிட்ட வெள்ளை மாளிகை அட்டையிலேயே நத்தார் என்ற பெயர் இல்லாத பருவகால வாழ்த்துத்தான் இருந்தது. யூதர்களின் ஹனுக்கா பெரும்பாலும் டிசம்பரில் வருகிறது. ஆபிரிக்க அமெரிக்கர்களுக்கென்று 1966இல் தொடங்கிய குவான்சா விழா டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை நடக்கிறது. இத்தனை பேரும் ஒரே கடைக்குள் வரும்போது, காசு வாங்குகிறவர் வருகிறவர் என்ன சமயம் என்று தெரியாமலே ஏதாவது சொல்லியாக வேண்டும். அதற்குப் பொது வாசகம் கைகொடுத்தது. 2005ஆம் ஆண்டளவில் அது அரசியலாக வெடித்தது. பெரிய கடைகள் நத்தாரை மறைக்கின்றன என்று சில கிறிஸ்தவ அமைப்புகள் அவற்றைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். வால்மார்ட் நிறுவனம் அடுத்த வருடமே பழைய வாழ்த்துக்குத் திரும்பியது. ஆனால் 2017இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது, கடைக்காரர் எப்படி வாழ்த்தினாலும் தங்களுக்கு ஒன்றுதான் என்று சொன்னவர்கள் பாதிக்கு மேல். சத்தம் போட்டவர்கள் அதைவிடக் குறைவு.

இதில் எங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு விடயம். அந்த நாட்டில் கிறிஸ்தவர்கள் பெரும்பான்மை. "ஹப்பி ஹொலிடேஸ்" என்பது பெரும்பான்மையினர் தங்கள் விழாவின் பெயரைக் கொஞ்சம் தாழ்த்தி, பக்கத்தில் நிற்கிற சிறுபான்மையினருக்கு இடம் விடுகிற செயல். அந்த அளவில் அது நல்ல எண்ணம். அதே வாசகத்தை இலங்கைக்குக் கொண்டுவந்தால் பெயர் மறைவது யாருடைய விழா? 2012 குடித்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த நாட்டில் கிறிஸ்தவர்கள், எல்லாச் சபைகளையும் சேர்த்தாலும், நூற்றுக்கு எட்டுப் பேருக்கும் குறைவு. கிளிநொச்சி மாவட்டத்தில் ஐந்தில் நான்கு பேர் சைவர்கள். முல்லைத்தீவில் ஏறக்குறைய நாலில் மூன்று. அங்கே ஒரு சைவ அதிகாரி "பண்டிகைக் கால வாழ்த்துக்கள்" என்று அறிவித்தால், விட்டுக்கொடுக்கப்படுவது அவருடைய விழா இல்லை, பக்கத்து மேசையில் இருக்கிறவருடையது. தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் பெயர் சொல்லி வாழ்த்திவிட்டு, நத்தார் வரும்போது மட்டும் பொதுவாகப் பேசினால் அந்த மனிதருக்கு அது எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இலங்கையில் விடுமுறைகளே பெயரோடுதான் வருகின்றன. வெசாக், தீபாவளி, நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், பெரிய வெள்ளி, நத்தார் என்று ஒவ்வொன்றும் நாட்காட்டியில் தனித்தனியே நிற்கிறது. எல்லாச் சமயமும் ஒரே தரத்தில் நடத்தப்படுகிறது என்று இதற்குப் பொருளில்லை. அரசியலமைப்பின் 9ஆவது உறுப்புரை பௌத்தத்துக்கே முதன்மை இடம் கொடுக்கிறது. அப்படிப்பட்ட நாட்டில் சிறிய சமூகமொன்றின் விழா தன் பெயராலேயே அறியப்படுவதற்கு ஒரு பெறுமதி உண்டு. அதனால்தான் எந்தச் சமயத்தவரும் மற்றவருடைய நாளைப் பெயர் சொல்லி வாழ்த்துவது இங்கே இயல்பாக இருக்கிறது.

மன்னாருக்குப் போனால் கணக்கு மாறிவிடும். அதே 2012 கணக்கெடுப்பின்படி மன்னார் மாவட்டத்தில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் கத்தோலிக்கர். நாலில் ஒரு பங்கு அளவில் சைவர்கள், ஆறில் ஒரு பங்கு அளவில் முஸ்லிம்கள். பேசாலையிலோ வங்காலையிலோ டிசம்பர் மாதத்தில் வீதியில் இறங்கினால் வீட்டுக்கு வீடு நட்சத்திரக்கூடு தொங்கும். அங்கே இடம் விடவேண்டிய கடமை கத்தோலிக்கருடையது. 2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முதல் நாள், திருக்கேதீச்சரம் சிவன் கோயிலுக்குப் போகிற வீதியில் போட்டிருந்த அலங்கார வளைவு பிடுங்கி எறியப்பட்டது. அந்தக் காணொளி ஊரெல்லாம் பரவி, சேர்ந்து வாழ்ந்த இரண்டு சமூகத்துக்கும் நடுவில் கசப்பை வைத்தது. அதன்பிறகு மன்னாரில் சிவராத்திரிக்கும் பொங்கலுக்கும் ஒரு கத்தோலிக்கர் தேடிப்போய்ச் சொல்கிற வாழ்த்துக்கு முன்பிருந்ததைவிடக் கனம் கூடிவிட்டது. நத்தாருக்கு வாழ்த்துப் பெறுகிற பெரும்பான்மை, அடுத்த மாதம் தைப்பொங்கலுக்கு அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இங்கே பெருந்தன்மை என்பது அதுதான்.

மடு மாதா ஆலயத்தை இந்த இடத்தில் சொல்லாமல் விட முடியாது. ஆடி மாதத் திருவிழாவுக்கும் ஆவணித் திருவிழாவுக்கும் மடுமாதாவிடம் போகிறவர்களில் சைவர்கள் நிறையப் பேர். தெற்கிலிருந்து சிங்களவர்களும் வண்டி வண்டியாக வருவார்கள். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கி மாதாவின் சொரூபத்தைத் தேவன்பிட்டி ஆலயத்துக்குக் கொண்டுபோனபோது கலங்கியவர்கள் கத்தோலிக்கர் மட்டுமில்லை. நேர்த்தி வைத்து மாதாவிடம் அழுகிற ஒரு சைவத் தாய்க்கு நத்தார் என்ற பெயரைச் சொல்ல என்ன தயக்கம் இருக்கப்போகிறது? எங்கள் அம்மாக்கள் இந்தத் தயக்கமே இல்லாமல்தான் வாழ்ந்தார்கள்.

அடுத்தது டிசம்பர் மாதத்தின் அமைப்பு. பொதுவாழ்த்தை ஆதரிக்கிறவர்கள் சொல்லும் நியாயம், இந்தக் காலத்தில் எல்லாருக்கும் ஏதோ ஒரு பண்டிகை இருக்கிறது என்பது. வன்னியில் அப்படி இல்லை. கார்த்திகைத் தேய்பிறையில் தொடங்குகிற பிள்ளையார் பெருங்கதை விரதம் 21 நாள். மார்கழித் திருவெம்பாவை பத்து நாள். விடியப்புறம் கோயில் மணியும் சங்கும் கேட்கும், பிள்ளைகள் குளிரில் குளித்துவிட்டுப் போய்ப் பாடுவார்கள், அவல், கடலை, சுண்டல் கிடைக்கும். இவை விரதங்கள். விரதத்துக்கு யாரும் வாழ்த்துச் சொல்வதில்லை. சைவருக்கு வாழ்த்துச் சொல்கிற நாள் தை மாதம் முதலாந் திகதிதான். ஆகவே, சைவர்களையும் சேர்த்துக்கொள்கிறேன் என்று டிசம்பரில் பொதுவாக வாழ்த்துகிறவர், அவர்களிடம் இல்லாத ஒரு பண்டிகைக்கு வாழ்த்துகிறார்.

2023ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 25 நத்தார். 26 உந்துவப் போயா என்னும் பௌர்ணமி விடுமுறை, சுனாமி நினைவு நாளும் அதுவே. 27 திருவாதிரை. ஒரு வீட்டில் வான்கோழிக்கும் ஆட்டிறைச்சிக்கும் அடுப்பு எரிகிறது, அடுத்த வீட்டில் திருவெம்பாவைக்கு மரக்கறிச் சமையல், மறுநாள் போயாவுக்கு இறைச்சிக்கடை பூட்டு, கடற்கரையில் கண்ணீர். இந்த மூன்று நாளையும் ஒரே வாசகத்துக்குள் அடக்க முடியாது, அடக்கவும் தேவையில்லை.

அந்த வருடத்தைப் போன்ற நாட்களில் அயல் எப்படி நடந்துகொள்கிறது என்பதை நான் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். நத்தாருக்கு முதல் நாள் பின்னேரம் கத்தோலிக்க வீட்டு அக்கா இரண்டு தட்டு ஆயத்தம் செய்கிறார். ஒன்றில் ரிச் கேக், கொக்கிஸ், பயத்தம் பணியாரம். மற்றதில் கேக் இல்லை. பயத்தம் பணியாரமும் அரியதரமும் சீப்புப் பலகாரமும் மட்டும், அதுவும் கேக்குக்கு முட்டை அடித்த பாத்திரங்களைத் தொடுவதற்கு முன்னமே சுட்டு, தனி ரின்னில் போட்டு வைத்தது. "அது ஆச்சி வீட்டுக்கு. அவ திருவெம்பாவை பிடிக்கிறா, முட்டை பட்டது குடுக்கக்கூடாது" என்கிறார். மேலே ஒரு கைவேலைத் துணியைப் போட்டு மூடி, மகளிடம் கொடுத்துவிடுகிறார். பிள்ளை வேலிப்பொட்டால் போய் நிற்க, ஆச்சி திருநீற்று நெற்றியோடு வெளியே வந்து, "நத்தார் வாழ்த்துக்கள் மோனை, அம்மாட்டையும் சொல்லு" என்கிறார். பிள்ளை, "நன்றி ஆச்சி" என்கிறாள். தட்டு வெறுமையாகத் திரும்பாது. அதற்குள் சீனிச் சுருளோ, இரண்டு கதலி வாழைப்பழமோ இருக்கும். தைப்பொங்கலன்று இதே தட்டு மறுபக்கத்திலிருந்து சர்க்கரைப் பொங்கலோடு வரும். அப்போது வாழ்த்துகிறவர் கத்தோலிக்க அக்கா.

இந்தக் கொடுக்கல் வாங்கலில் இரண்டு பேரும் தங்கள் தங்கள் சமயத்திலிருந்து ஒரு இம்மியும் நகரவில்லை. ஆச்சி விரதத்தை விடவில்லை, அக்கா நத்தாரை ஒளிக்கவில்லை. மற்றவர் என்ன நாளில் இருக்கிறார் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. முகம் தெரியாத வாடிக்கையாளருக்குப் பொதுவாசகம் பொருந்தலாம். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் என்ன விரதம் பிடிக்கிறார் என்றே தெரிந்த ஊருக்கு அது எதற்கு?

கிறிஸ்தவர்களுக்குள்ளேயே கவனிக்கவேண்டிய வேறுபாடுகள் உண்டு. கத்தோலிக்கர் "நத்தார்" என்பார்கள், "கிறிஸ்து பிறப்புப் பெருவிழா" என்று ஆலய அறிவித்தலில் எழுதுவார்கள். தென்னிந்தியத் திருச்சபையிலும் மெதடிஸ்த சபையிலும் "கிறிஸ்மஸ்" அதிகம் கேட்கும். 1977 கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறிய குடும்பங்களிலும் பலர் அப்படித்தான் சொல்வார்கள். இதில் எதைச் சொன்னாலும் யாரும் பிழை பிடிக்கமாட்டார்கள். ஆனால் டிசம்பர் 25ஐக் கொண்டாடாத கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். யெகோவாவின் சாட்சிகள் கொண்டாடுவதே இல்லை. தனிச் சபைகள் சிலவும், பியூரித்தன்கள் அன்று சொன்ன அதே காரணத்தைச் சொல்லி விலகி நிற்கின்றன. கழுத்தில் வேதாகமப் பை தொங்குகிறதென்று எல்லாரையும் ஒரே மாதிரி வாழ்த்திவிட முடியாது. ஒருமுறை தெரிந்துகொண்டால் மறுவருடம் நினைவில் வைத்திருப்பதுதான் அழகு.

எந்தத் திகதியில் சொல்வது என்பதிலும் கத்தோலிக்கருக்கு ஒரு முறை இருக்கிறது. திருவழிபாட்டு நாட்காட்டியில் நத்தார்க்காலம் டிசம்பர் 24 மாலைதான் தொடங்குகிறது. அதற்கு முந்திய நாலு ஞாயிறும் திருவருகைக்காலம், குருவானவர் ஊதா உடுப்போடு பூசை வைக்கிற காத்திருப்புக் காலம். ஆனால் பாடசாலைகளும் மாவட்டச் செயலகமான கச்சேரியும் பிரதேச செயலகங்களும் விடுமுறைக்கு முன்னமே ஒளி விழா என்கிற நத்தார் நிகழ்ச்சியை நடத்தி முடித்துவிட வேண்டியிருக்கிறது. அதனால் வாழ்த்து முந்திவிடுகிறது. இதை ஒரு பெரிய குறையாக யாரும் எடுப்பதில்லை. மறுபக்கம், 25 கழிந்துவிட்டால் வாழ்த்துச் சொல்லப் பிந்திவிட்டது என்று நினைப்பதுதான் பிழை. மூவிராசாக்கள் திருநாளைத் தாண்டி, ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரைக்கும் நத்தார்க்காலந்தான். 28ஆம் திகதி போனாலும், புதுவருடம் பிறந்த பிறகு போனாலும், குடில் கலைக்காமல் இருக்கும், நத்தார் வாழ்த்தும் பொருந்தும்.

ஒளி விழா பற்றி ஒரு வார்த்தை. சவுக்கங் கிளையை வாளி மண்ணில் நட்டு, சீமெந்துப் பைக் கடதாசியைக் கசக்கிச் சாயம் பூசி மலையாக்கி, வைக்கோல் பரப்பிக் குடில் கட்டுவார்கள். கிளிநொச்சிப் பாடசாலைகளில் சம்மனசாக, அதாவது தேவதூதராக, நிற்கிற பிள்ளைகளில் பலர் சைவப் பிள்ளைகள். இப்படி ஒரு மேடையில் ஏறி அதிபர் என்ன சொல்லவேண்டும் என்றால், "நத்தாரைக் கொண்டாடுகிற எங்கள் கிறிஸ்தவ உறவுகளுக்கு வாழ்த்துக்கள்" என்பதே போதும். விழாவின் பெயரும் இருக்கிறது, அது யாருக்குரியது என்பதும் இருக்கிறது, கொண்டாடாதவர் மேல் எதுவும் ஏற்றப்படவும் இல்லை. வெளிமாவட்டங்களுக்கும் பல சமயத்தவருக்கும் ஒரே அட்டை அனுப்புகிற நிறுவனம் பொதுவாசகம் போடட்டும், அதைக் குறை சொல்ல மாட்டேன். அப்போதும் "நத்தார், புதுவருட வாழ்த்துக்கள்" என்று போட்டால் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது.

முஸ்லிம் நண்பர்கள் விடயத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். வேறொரு சமயத்தின் வழிபாட்டு நாளுக்கு வாழ்த்துச் சொல்லலாமா என்பதில் அவர்களுடைய மார்க்க அறிஞர்களிடையே இரண்டு கருத்து இருக்கிறது. எருக்கலம்பிட்டியிலிருந்தோ முசலியிலிருந்தோ ஒருவர் மனம்விட்டு "நத்தார் வாழ்த்துக்கள்" என்பார். இன்னொருவர் அந்தச் சொல்லைத் தவிர்த்து, "லீவு எல்லாம் சந்தோசமாப் போகட்டும்" என்பார். இரண்டாமவர் பகையால் அப்படிச் சொல்லவில்லை. 1990 ஒக்ரோபரில் வீடுவாசலை விட்டுத் துரத்தப்பட்டு, பல வருடம் புத்தளத்தில் கிடந்து, திரும்பி வந்து அதே அயலவரோடு பேசுகிற மனிதர் அவர். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு வந்த நத்தாரில், ஆலய வாசலில் பையைத் திறந்து காட்டித்தான் உள்ளே போனோம். அந்த டிசம்பரில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் சொன்ன எந்த வாழ்த்தும், எந்தச் சொல்லில் இருந்தாலும், பெரிய வாழ்த்துத்தான்.

இவ்வளவும் கொண்டாடுகிறவர்களைப் பற்றியது. வன்னியில் வாழ்த்தை யோசிக்க வைப்பது அதற்கு அடுத்த பக்கம்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிறு, போயாவும் அன்றுதான். நத்தார் முடிந்த மறுநாள் காலை. முல்லைத்தீவுக் கரையில், கள்ளப்பாடு போன்ற மீனவக் கிராமங்களில், முதல் நாள் வாங்கிய புது உடுப்போடு இருந்த பிள்ளைகளைக் கடல் கொண்டுபோனது. நாடு முழுவதும் 30,000க்கு மேற்பட்டவர்கள் போனார்கள். வன்னியில் அதிகம் இழந்தது முல்லைத்தீவு. ஒவ்வொரு வருடமும் 26 காலை 9.25க்கு இரண்டு நிமிட மௌனம். கரையோரத்தில் சுடர் ஏற்றுவார்கள். அந்தக் கரையில் நத்தார் வாழ்த்து 25 இரவோடு நின்றுவிடும், 26 அன்று யாரும் சொல்வதில்லை. 26 அன்று யாராவது வெளியூரிலிருந்து வந்து "ஹப்பி ஹொலிடேஸ்" என்றால், அது எல்லாச் சமயத்தவரையும் சேர்த்துக்கொள்கிற வாசகமாகவே இருக்கட்டும், அங்கே நிற்கிற யாருக்கும் பொருந்தாது. அந்த நாளில் கையைப் பிடித்து, "சுகமா இருக்கிறீங்களோ அம்மா" என்று கேட்பது போதும். பிறகு 27, 28இல் வீட்டுக்குப் போனால் நத்தார்ப் பலகாரம் தருவார்கள், வாழ்த்தும் சொல்லலாம்.

வருடத்துக்குள் செத்தவீடு நடந்த குடும்பங்களிலும் வாழ்த்து மாறும். சைவ வீட்டில் ஆட்டைத்திவசம் முடியும்வரை பொங்கல், தீபாவளி எதுவும் இல்லை. கத்தோலிக்க வீட்டிலும் பூசைக்குப் போவார்கள், பலகாரம் சுடமாட்டார்கள், நட்சத்திரம் ஏற்றமாட்டார்கள். நட்சத்திரம் தொங்காத வாசலைப் பார்த்தால் ஊருக்கு விளங்கும். அங்கே வாழ்த்துச் சொல்வதில்லை. உறவுக்காரர் பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, இருந்து கதைத்துவிட்டு வருவார்கள். இந்த ஒழுங்கை எங்களுக்கு யாரும் எழுதித் தரவில்லை, ஆனால் பிழைக்க விடமாட்டோம்.

செத்தவீடே நடக்காத வீடுகளுக்கு என்ன செய்வது? 2009இல் போர் முடிந்தபோது பிள்ளையையோ கணவனையோ படையினரிடம் கையளித்துவிட்டு இன்றைக்கும் தேடுகிறவர்கள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், மார்ச்சில் முல்லைத்தீவிலும் வீதியோரத்தில் போராட இறங்கினார்கள். அவர்களில் எத்தனையோ பேர் கத்தோலிக்கத் தாய்மார். ஒரு குழந்தை பிறந்ததைக் கொண்டாடுகிற நாளில், தன் பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிற தாய்க்கு "மகிழ்ச்சியான நத்தார்" என்று சொல்ல நா எழாது. திவசம் கொடுத்தால் பிள்ளை இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அதையும் அவர் செய்யவில்லை. அதனால் துக்கம் காக்கிற வீடு என்றும் ஒதுங்க முடியாது. குருமாரும் துறவிகளும் இப்படியான வீடுகளில், "இயேசு பாலன் உங்களுக்கு ஆறுதல் தரட்டும்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதைவிடச் சரியான வாழ்த்தை நான் இதுவரை கேட்கவில்லை. நத்தாரின் பெயரும் அதன் விசுவாசமும் முழுதாக அதில் இருக்கிறது, இல்லாத மகிழ்ச்சி எதுவும் அவர் மேல் சுமத்தப்படவில்லை.

மாரியும் தன் பங்குக்கு வரும். டிசம்பர் எங்களுக்குக் காலபோகப் பயிர் வளர்கிற காலம், கையில் காசு இல்லாத காலம். 2018இல் டிசம்பர் 21, 22இல் கொட்டிய மழையில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தன. நத்தாருக்கு மூன்று நாள் இருக்கும்போது குடும்பங்கள் பாடசாலைக் கட்டடங்களில் பாய் விரித்துப் படுத்தார்கள். அப்படியான இடத்தில் பாண், பால்மா, காய்ந்த உடுப்பு கொண்டுபோகிறவர் எந்த வாழ்த்தைச் சொன்னாலும் எடுபடும். வெறுங்கையோடு போகிறவர் சொன்னால் எடுபடாது.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரிய வாய்ப்பில்லை. அவர்கள் நாட்டு வேலையிடத்தில் பொதுவாசகம் சொல்லட்டும், அங்கே அதற்குக் காரணம் இருக்கிறது. ஊருக்குக் கோல் எடுக்கும்போது மட்டும் அதை வெளியே கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெரியம்மா நத்தார்க் கிழமையில் ரொறன்ரோவில் இருக்கிற மகனுக்கு முதலில் தானே எடுப்பார். "சின்னம்மா வீட்ட எடுத்தா வாழ்த்துச் சொல்லாதை, சித்தப்பாவின்ர ஆட்டை இன்னும் முடியேல்லை, சும்மா சுகம் கேள். கடற்கரை மாமிக்கு இண்டைக்கே எடு, நாளைக்கு எடாதை. சந்திக்கடை நானாக்கும் ஒருக்கா எடு, உன்னைக் கேட்டவர். ஆச்சி விரதம், விடிய எடுத்தா கோயிலுக்குப் போயிருப்பா, பத்து மணிக்குப் பிறகு எடு." மகன் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு, அந்த ஒழுங்கில் எடுப்பார்.